சட்டையில் பெயர் பொறிக்கும் முன்...

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பட்டயப் பிரிவு மாணவன்)



"ஆள் பாதி, ஆடை பாதி" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நம்மைப் போன்ற டிப்ளமோ மாணவர்களுக்கு இந்தப் பழமொழியின் அர்த்தம் முதல் நாளே புரிந்துவிடுகிறது. காக்கிச் சட்டை இல்லாமல் ஒர்க்‌ஷாப் வாசலில் போய் நின்றால், "யூனிஃபார்ம் எங்கப்பா?" என்ற கேள்வியோடு வெளியே நிற்க வேண்டியதுதான். ஏன் காக்கி? ஏன் அந்தக் கெட்டித் துணி? முதலாம் ஆண்டு முழுவதும் அதைப் போட்டுக்கொண்டு ஃபைலிங் செய்தேனே தவிர, ஒரு நாளும் நான் கேட்டதில்லை. எங்கள் சொந்தக் கடைக்குச் சட்டை எடுக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்ட பிறகுதான் கேட்கத் தோன்றியது. நான் பட்ட பாடு உங்களில் யாருக்காவது உதவட்டும் என்றுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நாளைக்கு நாமும் ஒரு ஷெட் போட்டு நாலு பேருக்கு வேலை கொடுக்கத்தானே போகிறோம்!

எங்கள் கடை

புத்தூர் நால்ரோட்டிலிருந்து வயலூர் ரோடு போகிற வழியில் ஒரு சின்ன ஷெட். அப்பாவும் சித்தப்பாவும் நடத்துகிறார்கள். வேலைக்கு நான்கு பேர். முதலில் வெறும் வாட்டர் வாஷ்தான். இப்போது 'கார் டீடெய்லிங்' என்கிறார்கள். அதாவது காரைக் கழுவுவதோடு நிற்காமல், பெயிண்டில் உள்ள நுண்ணிய கீறல்களை பாலிஷ் மெஷின் போட்டு எடுத்து, மேலே வேக்ஸ் அல்லது செராமிக் கோட்டிங் பூசி, உள்ளே சீட்டு, டேஷ்போர்டு வரை சுத்தம் செய்து கொடுப்பது.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அதனால் வீட்டில் ஒரு தாளில் எது எழுதி வந்தாலும் என்னிடம்தான் வரும். கரண்ட் பில், பேங்க் ஃபாரம், மருந்துச் சீட்டு எல்லாம். அப்படித்தான் ஒரு நாள் சித்தப்பா சொன்னார்:

"தம்பி, நம்ம பசங்களுக்கு ஒரே மாதிரி சட்டை எடுக்கலாம்னு இருக்கேன். நெஞ்சுல கடைப் பேரை எம்பிராய்டரி போட்டுடலாம். நீதான் படிச்சவன், நீயே பாத்து முடிச்சிடு."

நானும் தலைநிமிர்ந்து கிளம்பினேன்.

முதல் தவறு என்னுடையது

கண்ணுக்கு எது அழகாகத் தெரிந்ததோ அதை எடுத்தேன். பளபளக்கும் கறுப்பு பாலியஸ்டர் டி-ஷர்ட். நெஞ்சு முழுவதும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெரிய டிசைன், தங்க நிற ஜரிகை நூலில். போட்டோவில் பார்த்தால் சினிமா போஸ்டர் மாதிரி இருந்தது. அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. துணியை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்.

ஏப்ரல் பிறந்தது. திருச்சி வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தகரக் கூரைக்குக் கீழே பதினோரு மணிக்கெல்லாம் எங்கள் ஆட்கள் அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டு பனியனோடு நின்றார்கள். வியர்வை உடம்பிலேயே வழிகிறதாம். எம்பிராய்டரி போட்ட இடம் அட்டை மாதிரி விறைத்து, உள்பக்க முடிச்சுகள் நெஞ்சை அறுக்கிறதாம். நாலு துவைப்பில் டிசைனைச் சுற்றித் துணி சுருங்கி, சுண்டிப்போன அப்பளம் மாதிரி ஆகிவிட்டது.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. ஒரு கறுப்புக் காரின் கூரையைத் துடைக்க எட்டிச் சாய்ந்தபோது, நெஞ்சிலிருந்த ஜரிகை கதவின் மேல் உரசிவிட்டது. வெளிச்சத்தில் பார்த்தால் பூனை நகத்தால் கீறிய மாதிரி மெல்லிய கோடுகள்! கீறலை எடுத்துக் கொடுக்கும் கடையிலேயே கீறல்! அரை நாள் கூலியும் பாலிஷும் எங்கள் கைக்காசு. அன்று சித்தப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் ஒரு நோட்டுப் போட்டு, ஒவ்வொன்றாகக் கேட்டும் படித்தும் எழுத ஆரம்பித்தேன். நான் கற்றுக்கொண்டதை ஒரே வரியில் சொன்னால் இதுதான்: வேலைச் சட்டையைப் பார்க்கிறவர் கண்ணிலிருந்து தேர்ந்தெடுக்கக் கூடாது, போடுகிறவர் உடம்பிலிருந்தும் அவர் செய்யும் வேலையிலிருந்தும் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயர் கடைசியில்தான் வரும்.

முதலில் வேலை

காக்கி எப்படி வந்தது தெரியுமா? 1840-களில் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி திரட்டிய 'கைட்ஸ்' படைதான் இந்த நிறத்தை முதலில் உடுத்தியது. 'காக்' என்றால் பாரசீகத்தில், உருதுவில் புழுதி. புழுதியோடு புழுதியாகத் தெரிய வேண்டும், அழுக்கும் தெரியக் கூடாது. சிப்பாய்க்கு அது சரி. லேத்தில் நிற்கும் நமக்கும் சரி. ஆனால் டீடெய்லிங் கடைக்கு?

காரின் பெயிண்டுக்கு மேலே 'கிளியர் கோட்' என்று நிறமில்லாத ஒரு படலம் உண்டு. பெரும்பாலான கார்களில் அதன் கனம் சுமார் 40 முதல் 50 மைக்ரான்தான். நம் தலைமுடியே ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும். முடியை விட மெல்லிய அந்தப் படலத்தில்தான் இவர்கள் வேலை செய்கிறார்கள். சட்டையில் ஒட்டிய ஒரு மணல் துகள் போதும், கோடு விழ. ஆகவே அழுக்கை மறைக்கும் நிறம் இங்கே ஆகாது, அழுக்கைக் காட்டிக்கொடுக்கும் நிறம்தான் வேண்டும். நாங்கள் இப்போது எடுத்திருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம். சேறு பட்டால் தெரியும், உடனே மாற்றிவிடலாம். கழுவும் இடத்துக்கு ஒரு சட்டை, பாலிஷ் போடும் இடத்துக்கு வேறு சட்டை என்று பிரித்தும் வைத்துவிட்டோம்.

அதே காரணத்துக்காக, வெளியே தெரியும் பட்டன், உலோக ஜிப், பக்கிள் எதுவும் கூடாது. பட்டன் மேல் துணி மூடியிருக்கும்படி 'மறைவுப் பட்டி' வைத்துத் தைக்கச் சொல்ல வேண்டும். பேனா குத்தும் மேல் பாக்கெட் வேண்டாம், அல்லது மூடியுள்ள பாக்கெட் போதும்.

இன்னொன்று பாதுகாப்பு. பாலிஷ் மெஷினின் பேட் நிமிஷத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் சுற்று சுற்றும். தொங்கும் துணி அதில் சிக்கினால் என்ன ஆகும் என்று லேத் முன்னால் நிற்கிற நமக்குச் சொல்லித் தர வேண்டாம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு, ஓடும் இயந்திரத்தின் அருகே போய் எண்ணெய் இடுவது போன்ற வேலையைச் செய்பவர் உடம்போடு ஒட்டிய ஆடைதான் அணிய வேண்டும் என்றது. அதை நிர்வாகமே கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. நாலு பேர் வேலை செய்யும் எங்கள் ஷெட் அந்தச் சட்டத்துக்குள் வராது. ஆனால் சட்டம் வராத இடத்திலும் மெஷின் சுற்றத்தானே செய்யும்? அதனால் அரைக்கை, தொளதொள இல்லாத அளவு. ஒவ்வொருவருக்கும் தனித்தனி அளவு எடுத்தோம். கையை மேலே தூக்கிக் கார்க் கூரையைத் தொடச் சொல்லி, அந்த நிலையில் தோளையும் முதுகையும் டெய்லர் அளந்தார்.

அடுத்து துணி

நம் புத்தூரை ஒட்டிய உறையூர் சோழர்களின் பழைய தலைநகர். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'எரித்ரியக் கடலின் பெரிப்ளஸ்' என்ற பயணக் குறிப்பில் 'அர்காரு' என்ற ஊரின் மெல்லிய பருத்தித் துணி பேசப்படுகிறது. அந்த ஊர் நம் உறையூர்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. இந்த வெயிலுக்கு எந்தத் துணி என்பது இந்த மண்ணுக்கு 2000 வருஷமாகத் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை!

காரணம் எளிது. சாதாரணக் காற்றில் 100 கிராம் உலர்ந்த பருத்தி சுமார் 8.5 கிராம் ஈரத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். பாலியஸ்டர் வாங்குவது 0.4 கிராம்தான். வியர்வை ஏன் வழிந்தது என்பதற்கு இந்த இரண்டு எண்ணே பதில். மேலும் பாலியஸ்டருக்கு எண்ணெய் மீது ஆசை அதிகம். கிரீஸ் கறை பிடித்தால் லேசில் விடாது.

அப்படியானால் முழுப் பருத்தியே போதுமா? அதிலும் குறை உண்டு. நனைந்தால் காய நேரமாகும். சக்கரம் கழுவும் சில திரவங்களில் அமிலம் இருக்கும். அது தெறித்த இடத்தில் பருத்தி நூல் இற்று, இரண்டு துவைப்பில் ஓட்டை விழும். அந்த அளவு அமிலத்தை பாலியஸ்டர் தாங்கும். ஆகவே பாலிஷ் போடுகிறவர்களுக்குப் பருத்தி, கழுவும் இடத்துக்குப் பருத்தி கூடுதலாகக் கலந்த டெரிகாட்டன், அதன் மேல் ரப்பர் ஏப்ரான் என்று முடிவு செய்தோம். (வெல்டிங் ஷாப் வைக்கப்போகும் நண்பர்கள் டெரிகாட்டன் பக்கமே போக வேண்டாம். பாலியஸ்டர் சுமார் 260 டிகிரியில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.)

கடைக்காரர் "நூறு பர்சன்ட் காட்டன்" என்றால் நம்பலாமா? ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி வையுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனையோடு மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் என்றால் உருகி, கறுப்பு மணி போலக் கெட்டியாகும். கலப்பு என்றால் இரண்டும் தெரியும். நம் கெமிஸ்ட்ரி லேபில் செய்ததை விட இது எனக்குப் பிடித்திருந்தது!

நெசவையும் பாருங்கள். துணியில் சாய்வான கோடுகள் தெரிந்தால் அது ட்வில் வகை. ஜீன்ஸ், டிரில் எல்லாம் அந்த ஜாதிதான். உழைப்பைத் தாங்கும், எம்பிராய்டரி ஊசியையும் தாங்கும். இழுத்தால் நீளும் பின்னல் துணியில்தான் எனக்கு அப்பளம் சுட்டது.

பிறகு எம்பிராய்டரி

1863-இல் ஸ்விட்சர்லாந்தில் ஐசக் கிரோப்லி என்பவர் 'ஷிஃப்லி' என்ற எம்பிராய்டரி இயந்திரத்தை உருவாக்கினார். அதன் நாடா சின்னப் படகு வடிவில் இருந்ததால் அந்தப் பெயர். இன்று கம்ப்யூட்டர் மெஷினில் பல நிற நூல்களுக்குப் பல ஊசிகள் இருக்கும். ஃபைலில் உள்ளபடி மெஷின் தானே குத்திக்கொண்டே போகும். அந்த ஃபைலைத் தயாரிப்பதற்கு 'டிஜிட்டைசிங்' என்று பெயர். ஒவ்வொரு குத்தும் எங்கே, எந்தத் திசையில் என்று ஒருவர் உட்கார்ந்து வரைய வேண்டும். இது ஒரு தடவைச் செலவு. அந்த ஃபைலை நாமே வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்த முறை கொடுக்க வேண்டியதில்லை.

கூலி பெரும்பாலும் குத்துக் கணக்குதான், ஆயிரம் குத்துக்கு இவ்வளவு என்று. ஒரு டிசைனில் 6000 குத்து என்று வைத்துக்கொள்வோம். மெஷின் நிமிஷத்துக்கு 750 குத்துப் போட்டால் 8 நிமிஷம். நான் போட்ட அந்தப் பெரிய டிசைன் இதைப் போலப் பல மடங்கு. கூலியும் அதிகம், கனமும் அதிகம், உறுத்தலும் அதிகம்! இப்போது இடது நெஞ்சில் எட்டு சென்டிமீட்டர் அகலம், வெறும் எழுத்து மட்டும். பின்னால் இடும் பேக்கிங் துணியின் ஓரங்களை வெட்டி, உள்ளே மெல்லிய துணி வைத்து மூடச் சொன்னோம். உறுத்தல் போயிற்று.

நூலில் ஜரிகை கூடவே கூடாது என்பதை என் கதை சொல்லிவிட்டது. ரேயான் நூல் பட்டு மாதிரி மின்னும், ஆனால் நனைந்தால் வலுக் குறையும். தினமும் துவைக்கும் சட்டைக்கு பாலியஸ்டர் நூல்தான் தாங்கும். இங்கே ஒரு சூட்சுமம்: பருத்தித் துணி முதல் துவைப்பில் சுருங்கும், பாலியஸ்டர் நூல் சுருங்காது. துணி சுருங்கி நூல் சுருங்காவிட்டால் இடையில் மடிப்பு விழும். எனவே துணியை முதலில் ஊறவைத்துத் துவைத்துக் காயவைத்து, பிறகுதான் வெட்ட வேண்டும். வெட்டிய துண்டிலேயே எம்பிராய்டரி போட்டுவிட்டு, அதற்கப்புறம் சட்டையாகத் தைக்க வேண்டும். தைத்த பாக்கெட்டின் மேல் போட்டால் பாக்கெட்டின் வாய் மூடிக்கொள்ளும்!

தமிழில் பெயர் போடுகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: புள்ளியைக் கவனியுங்கள். நாங்கள் பார்த்த இடத்தில் சாஃப்ட்வேரில் ஆங்கில எழுத்துகள் தயாராக இருந்தன. தமிழைப் படம் மாதிரி வரைந்துதான் ஏற்ற வேண்டியிருந்தது. எழுத்தைச் சின்னதாக்கினால் 'ழ', 'ணை' போன்றவற்றின் சுழி அடைந்துவிடும், மெய்யெழுத்துப் புள்ளி காணாமலே போய்விடும். எங்கள் கடைப் பெயரில் 'கார்' என்று வரும். முதல் மாதிரியில் 'ர்' மேலே புள்ளி விழவில்லை. எங்கள் மூத்த தொழிலாளி அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "ஏன் தம்பி, நம்ம காரா பூந்தி கடையா வைக்கப் போறோம்?" என்றார். ஷெட்டே சிரித்தது! எழுத்தை ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் ஏற்றி, புள்ளியைத் தனியாகப் பெரிதாக வரைந்ததும் சரியாயிற்று. ஆகவே ஒரே ஒரு மாதிரிச் சட்டை போட்டு, ஐந்து முறை துவைத்து, ஒரு வாரம் வேலையில் போட்டுப் பார்த்த பிறகே மீதிக்கு ஆர்டர் கொடுங்கள்.

கடைசியில் பெயர்

எல்லாம் முடிந்து, எத்தனை சட்டை என்று கணக்குப் போடும்போது, "ஆள் நின்னா சட்டையை வாங்கி வச்சிக்கலாம்ல, அடுத்தவனுக்கு ஆகும்" என்று நான் சொன்னேன். அதுவரை பேசாமல் இருந்த அப்பா அப்போதுதான் பேசினார்.

அப்பா பல வருஷம் பல இடங்களில் கார் கழுவியவர். ஓர் இடத்தில் நெஞ்சில் கம்பெனி பெயர் போட்ட சட்டை கொடுத்தார்களாம். அதற்குச் சம்பளத்திலும் பிடித்தார்களாம். ஒரு நாள் வேலை இல்லை என்று சொன்னபோது, "சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டுப் போ" என்றார்களாம்.

"குடுத்துட்டு பனியனோட பஸ் ஏறுனேன்டா. அன்னைக்கு நீ மூணாவது படிச்சுக்கிட்டு இருந்த. வீட்டுக்கு வந்ததும் 'ஏம்ப்பா சட்டை போடல'ன்னு கேட்ட. வெயிலுன்னு சொன்னேன்."

எனக்கு அந்த நாள் ஞாபகம் இல்லை, நண்பர்களே. ஆனால் என் நோட்டில் எழுதிய எல்லா எண்களையும் விட அந்த ஒரு வரி கனமாக இருந்தது. முதல் முறை அப்பா துணியை ஏன் விரலால் தேய்த்துப் பார்த்தார் என்பதும் அப்போதுதான் விளங்கியது. அவரிடம் நான் கேட்கவே இல்லையே!

அன்றே முடிவாயிற்று. ஆளுக்கு மூன்று சட்டை. சம்பளத்தில் பிடித்தம் கிடையாது. சட்டை அவர்களுக்கே சொந்தம். இடது பக்கம் உள்ள கடைப் பெயரை மட்டும் தனித் துண்டில் எம்பிராய்டரி போட்டு, பேட்ச் மாதிரி மேலே தைத்துவிட்டோம். நாளைக்கு ஒருவர் வேறு வேலைக்குப் போனால் பேட்சை மட்டும் பிரித்துக்கொள்ளலாம், சட்டை அவரோடு போகும். வலது பக்கம் அவரவர் பெயர். அதையும் அவரவரைக் கேட்டுத்தான் போட்டோம். பீகாரிலிருந்து வந்த தம்பி தன் பெயரைத் தமிழிலேயே போடச் சொன்னான். "எல்லாரும் கூப்பிடணும்ல அண்ணே" என்றான். இன்னொருவர் பெயர் வேண்டாம் என்றார். காரணம் கேட்கவில்லை. அவர் சட்டை வெறுமையாகவே இருக்கிறது, அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

ஒரு மாற்றம் மட்டும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் வண்டி கொண்டுவருகிறவர்கள் "ஏய், இங்க வா" என்பார்கள். இப்போது பலர் நெஞ்சைப் பார்த்துப் படித்து, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஐந்தாறு எழுத்துதான். ஆனால் அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது.

அப்பாவுக்கும் ஒரு சட்டை தைத்தோம். முதலாளி என்றாலும் அவரும் கழுவுகிறவர்தானே. மேலே உள்ள புள்ளியை விரலால் தடவிப் பார்த்தார். "இது உதிராதா?" என்று கேட்டார். "உதிராதுப்பா, நல்லா கெட்டியா போட்டிருக்கு" என்றேன்.

நண்பர்களே! நாளை நாம் சூப்பர்வைசர் ஆவோம், சிலர் முதலாளியும் ஆவோம். நாலு பேருக்குச் சட்டை எடுக்கும் நாள் வரும். அன்று வேலையைப் பாருங்கள், துணியைப் பாருங்கள், நூலைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், அதைப் போடப்போகிறவரை ஒரு வார்த்தை கேளுங்கள்.